கருப்பட்டி மலைக்கு நாலு நாள்

முதல் நாள், வியாழன்

எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைப்பது ஆடி மாசத்தில் முகூர்த்தம் கிடைக்கிற மாதிரி. கிடைத்துவிட்டது. கூட வேலை பார்க்கும் அக்காவுக்கு உடன்குடி, எனக்குத் திண்டுக்கல். ஸ்காட்லாந்தில் இருக்கும் இந்த இன்வெர்னஸுக்கு வந்து அவருக்கு ஏழு வருசம், எனக்கு நாலு. "இத்தன வருசமா மலைக்குப் பக்கத்துல குடியிருந்துட்டு ஒரு மலையும் ஏறலன்னா ஊர்ல கேட்டா என்னட்டி சொல்ல?" என்று போன மாதம் ஒரு நைட் டூட்டியில் அக்கா ஆரம்பித்தது இது.

மலையைத் தேர்ந்தெடுத்தது நான். பெயர் சூல்வென். உயரம் 731 மீட்டர். அந்த எண்தான் என்னைக் கவிழ்த்தது. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டே இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டி இருக்கிறது. எங்கள் சிறுமலைக்கு முன்னால்கூட இது நிற்க முடியாது. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளுக்கு 'மன்றோ' என்று பெயர். சர் ஹியூ மன்றோ 1891ல் பட்டியல் போட்டார், இன்றைய கணக்குக்கு 282. அதை ஒவ்வொன்றாக ஏறி டிக் அடிப்பதற்கென்றே லீவு எடுப்பவர்கள் எங்கள் வார்டிலேயே உண்டு. சூல்வென் 2,400 அடிகூடக் கிடையாது. "சின்ன மலைதான்க்கா, மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிரலாம்" என்று நம்பிக்கையாகச் சொல்லியிருந்தேன்.

இன்வெர்னஸிலிருந்து அல்லாபூல் வரை நல்ல ரோடு, ஒன்றரை மணி நேரம். ஹெர்ரிங் மீன் பிடிப்பதற்காகவே 1788ல் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். கடலைப் பார்த்து வரிசையாக வெள்ளைச் சுவர் வீடுகள். லூயிஸ் தீவில் இருக்கும் ஸ்டோர்னவேக்குப் போகிற பெரிய கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது. அக்கா இறங்கியதும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "மீன் வாடையே இல்ல, இது என்ன துறைமுகம்?" என்றார். அங்கே ஒரு கடையில் தலைக்கு மாட்டும் கொசுவலை இரண்டு வாங்கினோம். அது எதற்கு என்று பின்னால் வரும்.

வடக்கே போகப் போக ரோடு சுருங்கி, கடைசியில் ஒற்றை வண்டித் தடம். நூறு இருநூறு கஜத்துக்கு ஒரு ஒதுங்கும் இடம். எதிரே வண்டி வந்தால் யாருக்கு ஒதுங்கும் இடம் கிட்டவோ அவர் நிற்க வேண்டும். கடந்து போகிறவர் ஸ்டியரிங்கை விடாமல் ஒரே ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். அதுதான் நன்றி. அக்கா ஒவ்வொருவருக்கும் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி முழுக் கையையும் ஆட்டினார். பதிலுக்குச் சிரித்தவர்கள் அதிகம்.

சாயங்காலம் லாக்கின்வர். துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் போய் நின்றபோதுதான் மலை தெரிந்தது. சுற்றிலும் மேடு பள்ளமான தட்டை நிலம், நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒன்று மட்டும் செங்குத்தாக எழுந்து, தலை உருண்டு நிற்கிறது. எனக்கு ஆட்டுரலில் நிற்கும் குழவி மாதிரிப் பட்டது. அக்கா, "குழவியா? நல்லாப் பாரு. கருப்பட்டி. செரட்டையில ஊத்தி எடுத்த கருப்பட்டி" என்றார். தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. ஒரு காலத்தில் இதற்கு ஆங்கிலத்தில் 'சுகர் லோஃப்' என்றே ஒரு பெயர் இருந்ததாம். வெள்ளைச் சர்க்கரையையும் அந்தக் காலத்தில் கூம்பு அச்சில்தான் வார்த்திருக்கிறார்கள். சூல்வென் என்ற பெயரில் இருக்கும் 'சூல' என்பது வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் தூண். கடல் வழியாக வந்தவன் கண்ணுக்குத் தூண், உடன்குடிக்காரிக்குக் கருப்பட்டி.

அந்த அம்மாதான் என் கணக்கையும் திருத்தினார். "மதியத்துக்குள் இறங்கிவிடுவோம்" என்றதும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். போய்வர இருபது கிலோமீட்டர். எட்டு மணி நேரம், உங்களுக்கு ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். 'உங்களுக்கு' என்பதில் அழுத்தம் இருந்தது. நாளைக்கு மழையாம். மலை சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகிறது.

மணி பத்து. இதை எழுதும்போதும் ஜன்னலில் வெயில் அடிக்கிறது.

இரண்டாம் நாள், வெள்ளி

மழை. காலையில் குழவியும் இல்லை, கருப்பட்டியும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே வெறும் சாம்பல் நிறம்தான்.

சும்மா உட்கார்ந்திருக்க அக்காவுக்கு வராது. நேற்று நிற்காமல் தாண்டி வந்த நாக்கன் கிராக் என்ற பாறைச் சரிவுக்குத் திரும்பப் போனோம். மழைக் கோட்டு போட்டுக்கொண்டு பாறை பார்க்கப் போவது எங்கள் இருவருக்கும் இதுவே முதல் தடவை. கடைசியாகவும் இருக்கும் என்று போகும்போது நினைத்தேன். திரும்பும்போது அப்படி நினைக்கவில்லை.

சரிவில் கொஞ்ச தூரம் ஏறினால் ஒரு பாறை முகம். கீழே வெளிறிய சுண்ணாம்புக்கல், மேலே கறுத்த பாறை, இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறினாற்போல் ஒரு கோடு. கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் சுண்டு விரல் ஒரு பாறையிலும் கட்டை விரல் மற்றொன்றிலும் படுகிறது. விஷயம் என்னவென்றால், கீழே இருப்பதுதான் இளையது. சுமார் 50 கோடி வருசம். மேலே உட்கார்ந்திருப்பது கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு வயசு. பழையது கீழே, புதியது மேலே என்றுதானே படிமம் சேரும்? இங்கே தலைகீழ். 19ஆம் நூற்றாண்டில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. சர் ராடரிக் மர்ச்சிசன் என்ற பெரிய மனிதர், மேலே இருப்பது இளையதுதான் என்று கடைசிவரை சாதித்தார். ஜேம்ஸ் நிக்கல் மறுத்தார், எடுபடவில்லை. அப்புறம் பீச், ஹார்ன் என்ற இரண்டு நிலவியலாளர்கள் இந்த மலைப்பிரதேசத்தை நடந்தே அளந்து வரைபடமாக்கி, 1907ல் பெரிய அறிக்கை கொண்டுவந்தார்கள். சுமார் 43 கோடி வருசத்துக்கு முன் இரண்டு நிலப்பரப்புகள் மோதியதில் பழைய பாறை அப்படியே பல கிலோமீட்டர் தூரம் தள்ளப்பட்டு இளைய பாறையின் மேல் ஏறிவிட்டது என்பது உறுதியானது.

நான் பலகையைப் படித்து விளக்கி முடித்ததும் அக்கா, "மூத்தவன் தம்பி தலையில ஏறி ஒக்காந்துக்கிட்டான். இதுக்கு எதுக்குட்டி இத்தன பேரு அடிச்சிக்கிட்டாவ? எங்க வீட்டுல வந்து பாத்திருக்கலாம்" என்றார்.

சூல்வென் கதை வேறு. அதன் அடியில் கிடப்பது லூயிசியன் நைஸ் என்ற பாறை, சில இடங்களில் 300 கோடி வருசம். அதன் மேல் சுமார் 100 கோடி வருசத்துக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகி, கிலோமீட்டர் கணக்கில் கனத்த மணற்கல் ஆனது. பிறகு பனியாறுகளும் மழையும் அதை அரித்துக் கொண்டுபோக, அங்கங்கே மிச்சம் நின்ற துண்டுகள்தான் இந்தத் தனித்தனி மலைகள். அதாவது சூல்வென் எழும்பிய மலை இல்லை. சுற்றியிருந்ததெல்லாம் போய்விட்டது, இது போகவில்லை.

திரும்பும் வழியில் அசின்ட் ஏரிக்கரையில் ஆர்ட்விரெக் கோட்டையின் இடிந்த சுவர். 1650ல் தோற்று ஓடிவந்த மான்ட்ரோஸ் பிரபுவைப் பிடித்து அடைத்த இடம். எடின்பரோவுக்குக் கொண்டுபோய்த் தூக்கில் போட்டார்கள். ஐந்து நிமிஷம் நின்றோம். மழை நின்றிருந்தது, காற்றும் நின்றிருந்தது, அதனால் மிட்ஜ் வந்தது.

மிட்ஜைக் கொசு என்று சொன்னால் கொசு கோபித்துக்கொள்ளும். மூக்குப்பொடி தூவினாற்போல் இருக்கும். ஒன்று கடித்தால் தெரியாது, ஒன்றாக வருவதும் இல்லை. கொஞ்சம் காற்று அடித்தாலும் பறக்க முடியாத பூச்சி அது. நின்றால் கடிக்கும், நடந்தால் விடும். அக்கா வலையை மாட்டிக்கொண்டு, அதை மறந்து, வலை மேலேயே பிஸ்கட்டை வைத்து அழுத்தினார்.

நாளைக்கு வெயில் என்கிறது போன். புளிசாதம் கிளறியாயிற்று. பீரோவுக்கு அடியிலிருந்து எடுத்துவந்த என் பூட்ஸைத் துடைத்து வைத்திருக்கிறேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் வாங்கியது, இரண்டு தடவைதான் போட்டிருக்கிறேன். புத்தம் புதுசு.

மூன்றாம் நாள், சனி (ஞாயிறு அதிகாலை எழுதியது)

காலை 8.15. கிளென்கனிஸ்ப் மாளிகைக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். இந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துச் சொத்து. 2005ல் இந்தப் பகுதி மக்களே சேர்ந்து அறக்கட்டளை வைத்துச் சுமார் 44,000 ஏக்கரை வாங்கிவிட்டார்கள், மலையும் சேர்த்து. ஒரு ஊர் சேர்ந்து மலையை வாங்குவது என்பது எனக்கு இன்னும் முழுசாக உள்ளே இறங்கவில்லை. சொந்தக்காரர் யாராயிருந்தாலும் ஸ்காட்லாந்தில் மலையிலும் வெளியிலும் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு, 2003லிருந்து சட்டமாகவே. டிக்கெட் இல்லை, கேட் இல்லை.

கடைகளும் இல்லை. பழனிப் படிக்குப் பழகின காலுக்கு அதுதான் முதல் அதிர்ச்சி. மோர் இல்லை, சோடா இல்லை, உட்காரத் திண்ணை இல்லை.

நடந்தோம். மலை இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது, ஏரிக்குப் பின்னால் ஒளிந்தது, கிட்டே மட்டும் வரவே இல்லை. முன்னே நடக்க நடக்க அதன் உருவம்தான் மாறிக்கொண்டிருந்தது. லாக்கின்வரில் கருப்பட்டியாக நின்றது, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போய் இரண்டு கிலோமீட்டர் நீள முதுகாகிவிட்டது. நேற்றுவரை நாங்கள் பார்த்ததெல்லாம் அதன் மூக்கு நுனியை மட்டும்தான்.

பத்து மணிக்குச் சுலேக் குடிசைக்கு ஒதுங்கினோம். மலை நடப்பவர்களுக்காகப் பூட்டாமல் விட்டிருக்கும் கல்வீடு. காசு கிடையாது, காவல் கிடையாது. உள்ளே பலகைத் திட்டு, எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தி, வருகிறவர்கள் எழுதும் நோட்டு, மூலையில் ஒரு மண்வெட்டி. மண்வெட்டி எதற்கு என்று அக்கா கேட்டார். கக்கூஸ் இல்லை, அதுதான் கக்கூஸ் என்றேன். "நம்மூர்ச் சத்திரம் மாதிரில்லா இருக்கு" என்று சுவரைத் தடவிப் பார்த்தவர், நோட்டில் எங்கள் இருவர் பெயரையும் தமிழில் எழுதி, கீழே 'உடன்குடி, திண்டுக்கல்' என்று போட்டார்.

அதற்கப்புறம் ஆற்றுப்பாலம் தாண்டி, பாதை வலது பக்கம் மலையை நோக்கித் திரும்புகிறது. முன்பு இது முழங்கால் வரை சேறாம். சில ஆண்டுகளுக்கு முன் கல் பாவிச் சரிசெய்திருக்கிறார்கள். ஆனாலும் சரிசெய்யாத இடங்களில் கரி மண் பஞ்சு மாதிரி அமுங்கி, பூட்ஸை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, பிறகு மனசில்லாமல் விடுகிறது. என் பூட்ஸுக்குள் அப்போதே ஏதோ நெகிழ்கிற மாதிரி இருந்தது. ஈரம் என்று நினைத்தேன்.

மலையின் காலடிக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. எட்டு கிலோமீட்டர் முடிந்திருந்தது, மலை இனிமேல்தான். 731 என்ற எண்ணில் எனக்கு யாரும் சொல்லாத பகுதி இதுதான்.

முன்னால் ஒரு செங்குத்தான ஓடை. நீர் ஓடுகிற ஓடை இல்லை, கல் ஓடுகிற ஓடை. அதன் வழியாகத்தான் முதுகின் நடுவே இருக்கும் பியலாக் மோர் என்ற கணவாய்க்கு ஏற வேண்டும். கேலிக் மொழியில் 'பெரிய கணவாய்'. மூன்று கல் நிற்கும், நாலாவது கல் உருளும். மேலே போகிறவர் ஒரு கல்லைத் தள்ளிவிட்டால் கத்த வேண்டும். அக்கா "கல்லுட்டீ!" என்று கத்தினார். பின்னால் வந்த இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அது எப்படிப் புரிந்ததோ, சட்டென்று ஒதுங்கினார்கள்.

நேற்று பலகையில் படித்த மணற்கல்லை இங்கேதான் மூக்குக்கு நேரே பார்த்தேன். மூச்சு வாங்க முகத்தைப் பாறையில் சாய்த்தால், செம்மண் நிறப் பரப்பில் நிலக்கடலை அளவுக்குக் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன. வெள்ளை, ரோஸ், ஒன்றிரண்டு ரத்தச் சிவப்பு. எல்லாம் மழமழவென்று உருண்டவை. ஆறு உருட்டினால்தான் கல் அப்படியாகும். இந்த உயரத்தில், காற்று காதைப் பிய்க்கிற இடத்தில், 100 கோடி வருசப் பழசான ஓர் ஆற்றுப்படுகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு கூழாங்கல்லை நகத்தால் நிமிண்டிப் பார்த்தேன். அசையவில்லை.

ஒன்றரைக்குக் கணவாய். கத்தி முனை மாதிரி இடம், இந்தப் பக்கமும் சரிவு, அந்தப் பக்கமும் சரிவு. அங்கேயிருந்து வலது பக்கம் திரும்பினால் மலை முதுகுக்குக் குறுக்கே ஒரு கல்லுக்கட்டுச் சுவர்! சாந்து இல்லாமல் கல் மேல் கல் அடுக்கினது, ஆள் உயரம். இவ்வளவு தூரம் ஏறி வந்து ஒருவன் உட்கார்ந்து சுவர் கட்டியிருக்கிறான். ஆடு ஏறி வருமா இங்கே? அக்கா அதன் வளைவில் கையை ஓட்டி, "கொத்தனாரு கைசுத்தம்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அதற்கு மேல் படிப்படியாய்ப் பாறைத் தட்டுகள். இரண்டு மூன்று இடத்தில் கை வைத்து ஏற வேண்டும். திண்டுக்கல் பாறை வழுக்கும், இந்த மணற்கல் அரத்தாள் மாதிரிப் பிடித்துக்கொள்கிறது. நான் பயந்த இடத்தில் அக்கா பேசாமல் ஏறினார், அக்கா பயந்த இடத்தில் 'முருகா' என்றார். இரண்டு தடவை.

இரண்டரை மணிக்கு உச்சி. கைஷ்டியல் லியா, சாம்பல் நிறக் கோட்டை என்று அர்த்தம். கத்தி முனையை எதிர்பார்த்து வந்தால் அங்கே ஒரு புல்வெளி. கபடி ஆடலாம், ஓரத்துக்குப் போகாமல். மேற்கே கடல், கடலுக்கு அப்பால் வெளித் தீவுகள் ஒரு பென்சில் கோடாக. கிழக்கே கனிஸ்ப் மலை. தெற்கே கல் மோர், ஸ்டாக் பாலி என்ற மலைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாத பங்காளிகள் மாதிரி. நடுவில் எண்ண முடியாத ஏரிகள், உடைந்த கண்ணாடியைக் கொட்டி வைத்தாற்போல். புளிசாதத்தை அவிழ்த்தோம். காற்று பாதியைக் கொண்டுபோனது. மீதி இரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்தது.

இறங்கும்போது, அந்தக் கல் ஓடையில், நாலேகால் மணிக்கு என் வலது பூட்ஸின் அடி தனியாகக் கழன்று வந்தது. கிழியவில்லை, உதிர்ந்தது. மேல்தோல் காலில் இருக்கிறது, ரப்பர் அடி கல்லில் கிடக்கிறது, நடுவில் இருந்த நுரை கேக் மாதிரிப் பொடிந்து விழுகிறது. இன்னும் எட்டு ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கியது உண்மை.

அக்கா பேசவே இல்லை. கழுத்தைச் சுற்றியிருந்த ஈரிழைத் துண்டை எடுத்துப் பல்லால் கடித்து நாலாகக் கிழித்தார். அடியைப் பொருத்தி, பாதத்துக்குக் குறுக்கே இரண்டு, கணுக்காலைச் சுற்றி இரண்டு என்று, வார்டில் எத்தனையோ கால்களுக்குக் கட்டின அதே கட்டு. முடிச்சை இறுக்கிவிட்டு, "எந்திரிட்டி, பேஷண்ட்டு நடக்கணும்" என்றார்.

துண்டு இரண்டு மணி நேரம் தாங்கியது. குடிசைப் பக்கம் வரும்போது நைந்து போச்சு, இடது பூட்ஸும் வாயைத் திறந்தது. எதிரே நாயோடு வந்த ஒரு வயசாளி, சுற்றிலும் பிளாஸ்திரி டேப் சுற்றி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்த டேப்பை உரித்து என் பூட்ஸில் சுற்றச் சுற்ற அவரே விளக்கமும் சொன்னார். அந்த நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை. காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கி வாங்கி உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். பயன்படுத்தினால் தேயும், பத்திரப்படுத்தினால் மக்கும். பீரோவில் வைத்திருந்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாய்கூட என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

வண்டிக்கு வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பது பத்து. வெயில் மலை முதுகில் இன்னும் மஞ்சளாகக் கிடந்தது. நம் ஊர்ப் பொழுதாயிருந்தால் கடைசி இரண்டு மணி நேரம் இருட்டில் தடவியிருப்போம்.

நாலாம் நாள், ஞாயிறு

தொடை இரண்டும் என்னுடையவை இல்லை. மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன். வீட்டுக்கார அம்மா எங்களைப் பார்த்து எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்டார். பதிமூன்று மணி நேரம் என்றதும் 'ஒன்பது என்றேனே' என்று சொல்லாமல் இன்னொரு முட்டை வைத்தார். பூட்ஸை அவர் வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடக் கூச்சமாக இருந்ததால் டிக்கியில் வைத்தேன். செருப்பில் வண்டி ஓட்டக் கூடாது என்று அக்காவே ஓட்டினார்.

லெட்மோர் முனையைத் தாண்டி எல்ஃபின் கிட்ட வந்தபோது வடமேற்கே ஒரு நீண்ட மலை தெரிந்தது. ஒரு பக்கம் ஊசியாகக் கூர்ந்து, நடுவில் குழிந்து, மறுபடி எழும்பி. அக்கா ஒதுங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

"இது எந்த மலைட்டி?"

"அதேதான்க்கா."

கருப்பட்டியாவது ஒன்றாவது. அக்கா கண்ணாடியை இறக்கி, கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நடுவில் குழிந்திருந்த இடத்துக்கு விரலை நீட்டி, "அதுக்குக் கீழதான் என் துண்டு கிழிஞ்சது" என்றார். பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. வழிவிட்டோம். டிரைவர் ஒரு விரலை உயர்த்தினார்.

அக்காவும் ஒரு விரல்தான் உயர்த்தினார்.